விரல் நுனியின் வரலாறு: நவிரமலை யாழிலிருந்து பேஸ் கிதார் வரை

பேஸ் கிதார் பழகத் தொடங்கும் ஒருவருக்கு முதல் சில நாட்களிலேயே இடக்கை விரல் நுனிகள் சிவந்து எரியத் தொடங்கும். கம்பியை மீட்டும் வலக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் கொப்புளம் எழும். சில வாரங்கள் விடாது பழகினால் அவ்விடங்களில் தோல் தடித்து மரத்துப்போகும். இதைத் தமிழில் 'காய்ப்பு' என்கிறோம். மண்வெட்டி பிடிப்பவர் கையிலும், ஏற்றம் இறைத்தவர் கையிலும், நெசவாளர் கையிலும் உண்டாகும் அதே காய்ப்புத்தான் இசைக்கலைஞரின் கையிலும் உண்டாகிறது. ஆயினும் உழவர் கையின் காய்ப்பைப் போற்றிப் பேசும் நாம், இசைக்கலைஞரின் விரலில் ஏறிய காய்ப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நம் இலக்கியம் அதைப் பேசியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடலைத் தொடங்க ஜவ்வாது மலையடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைப் பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். நன்னனின் ஊரை ஒட்டி ஓடுவதாகப் பாட்டுச் சொல்லும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்கும் இன்றைய செய்யாறு. 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான்.

பாட்டின் தொடக்கமே இசைக்கருவிகளின் அணிவகுப்பு. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று பையில் கட்டிச் சுமந்து செல்லும் கருவிகளை வரிசைப்படுத்திய பின், புலவர் பேரியாழுக்கு வருகிறார். அதன் வருணனையில் ஒரு தச்சரின் கண்ணும் ஓர் இசைவாணரின் காதும் சேர்ந்து இயங்குகின்றன. வார்க்கட்டின் அமைப்பு, மேலே போர்த்திய தோலின் பொன்னிறம், வரகுக்கதிரை உவமையாக்கிச் சொல்லும் நுண்துளைகள் என எதுவும் விடுபடவில்லை. நரம்பைச் சொல்லும்போது இன்னும் நுட்பம்: குற்றம் நீங்க உருவி, சிக்கெடுத்து முறுக்கி, வெண்சிறுகடுகளவும் சுருதி பிசகாதபடி காதால் கேட்டுத் தேர்ந்து கட்டிய நரம்பு என்கிறார். முடிச்சும் பிசிறும் உள்ள நரம்பில் ஒலி கெடும். அதே முடிச்சும் பிசிறும் விரலையும் அறுக்கும். புலவர் முதலாவதைச் சொன்னார். இரண்டாவது நாம் ஊகிக்க வேண்டியது.

இவ்வளவு நுணுகிப் பார்த்த புலவர் உடல் வலியைக் காணாதவர் அல்லர். கல்லில் நடந்து நைந்த விறலியரின் சிற்றடியை, ஓடிக் களைத்த நாயின் தொங்கும் நாக்குக்கு உவமிக்கிறார். சங்கப் புலவர்களுக்கே இது பொதுவான இயல்பு. தொழில் உடலில் விட்டுச் செல்லும் தடத்தை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். பொருநராற்றுப்படையில், கரிகாலன் தந்த ஊன்சோற்றை இரவும் பகலும் தின்ற பொருநனின் பற்கள், கொல்லையை உழுத கொழுப்போல மழுங்குகின்றன. கொல்லனின் கைக்குக் 'கருங்கை' என்ற அடைமொழி கிடைக்கிறது. அது நிறத்தைக் குறித்ததன்று, வலிமையைக் குறித்தது என்பது உரைகாரர் கொள்கை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புறநானூற்றின் 14ஆம் பாட்டு இருக்கிறது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, அது மென்மையாக இருப்பதை வியக்கிறான். கபிலர் மறுமொழி சொல்கிறார்: யானையை அங்குசத்தால் அடக்கியும், குதிரையைக் கடிவாளத்தால் இழுத்துப் பிடித்தும், வில்லை வளைத்து அம்பு தொடுத்தும், இரவலர்க்குக் கொடுத்தும் உன் கை வலிதாயிற்று, உன்னைப் பாடுவோருக்கோ ஊனும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் தெரியாது, அதனால் அவர் கை மெல்லிதாயிற்று. காய்ப்பேறிய கையும் காய்ப்பேறாத கையும் எதிரெதிரே வைத்துப் பேசப்படும் இடம் இது.

இது நயமான புகழ்ச்சி. தன்னையே எள்ளிக்கொள்ளும் நகைச்சுவையும் இதில் உண்டு. ஆனால் 'பாடுவோர்' என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்ற கேள்வி எழுகிறது. கபிலர் புலவர்; அவர் கருவி சொல். பாணரோ யாழை இடப்பக்கம் தழுவிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழிசைப்போரின் கைத்தொழிலை வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டாக வகுக்கிறது. விரலால் நரம்பை இழுப்பது, தள்ளுவது, உருட்டுவது என்றெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்தும் அளவுக்கு வளர்ந்த கலையில், அதைப் பயின்ற விரல் மென்மையாகவே இருந்திருக்க வழியில்லை. கபிலரின் விடை புலவரின் கைக்குப் பொருந்தும். பாணரின் கைக்குப் பொருந்தாது.

இருந்தும் பாணரின் விரற்காய்ப்பு பாட்டில் இடம்பெறாததற்குக் கருவியின் அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கலாம் என்று எண்ணுகிறேன். பழைய யாழ் வில் வடிவக் கருவி. உரைகாரர்கள் தரும் கணக்குப்படி பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அடிப்படை. நரம்பை எதன்மீதும் வைத்து அழுத்த வேண்டிய தேவை இல்லை. நரம்போ உலோகக் கம்பியைவிட மென்மையானது. எனவே யாழ் விரலில் விட்ட தடம், உழவரின் கையிலோ கொல்லரின் கையிலோ இருந்ததைப்போல முதற்பார்வையில் தெரியக்கூடியதாக இருந்திராது.

விரல் நுனியின் உண்மையான சோதனை, கம்பியைத் தண்டின்மீது அழுத்தும் கருவிகளோடு வந்தது. இந்த மாற்றத்தின் நிழல் பெரியபுராணத்தில் விழுந்திருப்பதாகத் தோன்றுகிறது. திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், சம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய 'யாழ்முரி' பதிகம் கருவியில் அடங்காமற்போக, யாழையே உடைக்க முனைகிறார் பாணர். சம்பந்தர் தடுத்து ஆற்றுகிறார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் குரலின் குழைவை, தனித்தனி நரம்புகள் கொண்ட கருவி தொடர்வது அரிது. பக்திக் கதையாகவே நாம் வாசித்துவந்த இதில், ஒரு கருவியின் எல்லையை எட்டிய கலைஞரின் துயரமும் இருக்கிறது.

யாழ் மறைந்து வீணை நிலைபெற்றது. இன்றைய தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளை நிலைப்படுத்தியவர் இரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600-1634) என்பது மரபு. மெட்டின்மீது உலோகக் கம்பியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்பும்போது, கம்பி விரல் நுனியில் பள்ளமே தோண்டிவிடுகிறது. நெடுநாள் வாசித்த வைணிகரின் இடக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அக்கோடுகளைக் காணலாம். விரல் வழுக்கிச் செல்லத் தேங்காயெண்ணெயைத் தொட்டுக்கொள்வதும், வலக்கையில் மீட்டி அணிவதும் இதற்குக் கண்ட தீர்வுகள். கோட்டுவாத்தியத்தில் விரலுக்குப் பதில் ஒரு கட்டை கம்பியின்மேல் ஓடுகிறது. தவில் கலைஞர்கள் துணியும் பசையும் கொண்டு செய்த 'கூடு'களை வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்கின்றனர். வலியை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி நம் இசைமரபுக்குப் புதிதன்று. அதற்கான விடைகள் ஏட்டில் எழுதப்படாமல் குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறி வந்துள்ளன.

பேஸ் கிதார் இந்த வரிசையில் மிக இளையது. அமெரிக்காவில் பால் டட்மார்க் 1930களில் இதன் முன்னோடியைச் செய்தார். லியோ ஃபெண்டரின் 'பிரசிஷன் பேஸ்' 1951இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. இதன் கம்பியின் அதிர்வு நீளம் வழக்கமாக 34 அங்குலம். தடித்த கம்பியின் விட்டம் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு கம்பியும் சுமார் 20 கிலோ இழுவிசையில் நிற்கிறது. கம்பியின் மேற்பரப்பும் முக்கியம். தட்டையான பட்டை சுற்றிய கம்பி விரலுக்கு இதமானது. ஒலி சற்று மங்கலாக இருக்கும். உருண்டைக் கம்பி சுற்றியது பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் அரம்போல விரலைத் தேய்க்கும். டெட்ராய்ட்டின் மோடவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983) தட்டைச் சுற்றுக் கம்பியில், வலக்கையின் ஒரே சுட்டுவிரலால் வாசித்தவர். நெடுந்தொலைவில் கேட்கப்பட்ட எத்தனையோ பாடல்களின் அடித்தளத்தை அந்த ஒரு விரல் நுனி தாங்கியது.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிதார், 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் இசையில் தனிக்குரல் பெற்றது. தாளத்துக்குத் துணையாக மட்டும் இருந்த கருவி, பாடும் குரலுக்கு எதிர்நின்று தனக்கென ஒரு மெட்டைப் பேசத் தொடங்கியது. அவருடைய குழுவில் சசிதரனும், பின்னர் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகளை முணுமுணுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் பாட்டுப் புத்தகங்களில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் இருந்தன; கம்பியை அழுத்தியவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

காய்ப்பு என்பது உடலின் கணக்குத்தான். தோலின் மேலடுக்கில் கெரட்டின் என்ற புரதம் நிறைந்த செல்கள், மீண்டும் மீண்டும் வரும் அழுத்தத்துக்கு விடையாக அடுக்கடுக்காகத் தடிக்கின்றன. அழுத்தம் அளவோடு இருந்தால் காய்ப்பு. உரசல் அளவுமீறினால் அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக் கொப்புளம். ஆகவே புதிதாகப் பழகுவோர் ஒரே நாளில் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பது நல்லது. கொப்புளத்தைக் கிள்ளி உடைக்கலாகாது. அது ஆறும்வரை ஓய்வு வேண்டும். நீரில் ஊறிய விரலோடு வாசிக்கலாகாது. மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் குறைந்த விசையே போதும். கம்பி தண்டிலிருந்து மிக உயர்ந்து நின்றால், விரலைத் திட்டுவதை விட்டுக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். பழக்கம் நின்றால் காய்ப்பும் சில வாரங்களில் உதிரத் தொடங்கும். விரல் நுனியின் எரிச்சல் இயல்பானது. மணிக்கட்டிலும் மூட்டிலும் வரும் வலி அப்படியன்று, அதற்கு மருத்துவரை நாட வேண்டும்.

இத்தடம் தோலோடு நின்றுவிடுவதில்லை. தாமஸ் எல்பர்ட் குழுவினர் 1995இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, தந்திக்கருவி வாசிப்போரின் மூளையில் இடக்கை விரல்களுக்குரிய பகுதி விரிவடைந்திருப்பதைக் காட்டியது. இளவயதில் தொடங்கியவர்களிடம் இவ்விரிவு மிகுதி. விரல் பழகுவதும் மூளை பழகுவதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதற்கு இது சான்று.

இதனால்தான் கபிலரின் அழகிய விடை எனக்குச் சற்று உறுத்தலாகவும் இருக்கிறது. பாடுவோர்க்கு உண்பதன்றித் தொழிலில்லை என்ற நயம், நாளடைவில் நம் பொதுக்கருத்தாகவே உறைந்துவிட்டது. சொல்லைக் கையாண்ட புலவர் மரபு ஏடாகவும் நூலாகவும் நிலைத்தது. நரம்பைக் கையாண்ட பாணர் மரபு நலிந்தது. மாங்குடி கிழார் புறநானூற்றின் 335ஆம் பாட்டில், இவர்களையன்றி வேறு குடியில்லை என்று பெருமையாகச் சொன்ன நால்வருள் பாணனும் ஒருவன். பின்னாளில் அதே குலத்தவராகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வார், திருவரங்கத்துக்குள் கால்வைக்காமல் காவிரியின் மறுகரையில் நின்று பாடியதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. யாழோ, விபுலானந்த அடிகள் தம் 'யாழ் நூல்' வழியாக 1947இல் கணக்கிட்டு மீட்டுக்காட்ட வேண்டிய அளவுக்கு முற்றாக மறைந்துபோயிருந்தது. நூல் மீட்டது கருவியின் வடிவத்தையும் சுருதிகளையும். பாணர் கைகளில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த பழக்கத்தை எந்த நூலாலும் மீட்க இயலாது. அது கையிலிருந்து கைக்கு மட்டுமே செல்லக்கூடியது.

கை நின்றுபோனால் கலை நின்றுபோகும் என்பதை யாழின் கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. பேஸ் கிதாரோ வீணையோ தவிலோ, பழகும் பிள்ளையின் விரல் தடித்திருப்பதைக் காணும் பெற்றோர், 'இது எதற்கு வீண்வேலை' என்று கேட்குமுன், அது உழைத்த கை என்பதை ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம்.