எந்தக் கடற்கரைக்குப் போவது?

விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து பெரியம்மா மகள், என் அக்கா, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் வருவதாகச் சொன்னார். "தம்பி, நல்ல பீச்சா ஒண்ணு பார்த்து வை. பிள்ளைங்க மண்ணுல விளையாடணும், அவ்ளோதான்."

நான் பொறியாளன். எக்செலைத் திறந்து செந்தோசா, சாங்கி, லாசரஸ் தீவு என்று மூன்று பெயர்களை எழுதினேன். மணல், தண்ணீர், கழிவறை, சாப்பாடு, போக்குவரத்து என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டேன். செந்தோசா முதலில் வந்தது, லாசரஸ் கடைசி. எட்டிப் பார்த்த அம்மா, "லாசரஸா? அதுக்குப் பக்கத்துத் தீவுலதான்டா தாத்தாவ வெச்சிருந்தாங்க" என்றார்.

அதன் பிறகு எக்செல் நகரவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன்.

செந்தோசாவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாயில் 'பிளாக்காங்' என்றால் பின்புறம், 'மாத்தி' என்றால் இறப்பு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. பிரிட்டிஷார் அங்கே சிலோசோ, செராப்போங் போன்ற கோட்டைகளைக் கட்டினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் சீன ஆண்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற 'சூக் சிங்' நடந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து படகில் கொண்டுபோய்க் கடலில் சுடப்பட்டவர்களில் சுமார் 300 பேரின் உடல்கள் இந்தத் தீவில் ஒதுங்கின. அவற்றைப் புதைத்தவர்கள், சரணடைந்து அங்கே காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர். பிறகு தீவை உல்லாசத் தலமாக்க முடிவெடுத்து, பொதுமக்களிடம் புதுப்பெயர் கேட்டார்கள். 'செந்தோசா' வந்தது. அமைதி என்று பொருள். நம் 'சந்தோஷ'த்துக்கு உறவுக்காரச் சொல். இன்று நாம் கால் புதைக்கும் மணலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியதுதான்.

சாங்கியிலும் அதே மாதம். பிப்ரவரி 20 அன்று 66 ஆண்களைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பள்ளிக் காலத்தில் அந்தக் கடற்கரையில் எத்தனையோ தடவை பார்பிக்யூ போட்டிருக்கிறோம். ஒரு தடவைகூட நான் நின்று அதைப் படித்ததில்லை.

மூன்றாவது, அம்மா சொன்ன இடம். லாசரஸின் மலாய்ப் பெயர் புலாவ் சக்கிஜாங் பெலப்பா. ஒரு சிறு பாலத்தால் அதோடு இணைந்திருக்கும் செயின்ட் ஜான்ஸ், புலாவ் சக்கிஜாங் பெண்டேரா. 1819 ஜனவரி 28-இல் ராஃபிள்ஸின் கப்பல்கள் நங்கூரமிட்டது இந்தத் தீவுக்கு அருகில்தான். 1873-இல் நகரத்தில் காலரா பரவியதும், அடுத்த ஆண்டே செயின்ட் ஜான்ஸில் நோய்த்தடுப்பு முகாம் திறந்தார்கள். சீனாவிலிருந்து வந்தவர்கள், மக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் 'டெக்' பயணிகள் எனப் பல தலைமுறைகள் சிங்கப்பூரில் முதலில் மிதித்த மண் அது.

தாத்தா வந்தது 1951-இல், ரஜூலா கப்பலில். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததாம். துணிகளை ஆவியில் போட்டு எடுத்தார்கள், மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள். பதினான்கு நாள். "ராத்திரியில ஊரு வெளிச்சம் தெரியும், போகத்தான் முடியாது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு அதே தீவில் பிரிட்டிஷ் அரசு அரசியல் கைதிகளையும் அடைத்து வைத்திருந்தது. அவர்களில் ஒருவரான தேவன் நாயர், முப்பது ஆண்டுகள் கழித்து 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார். தாத்தாவுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அக்காவுக்கு போன் செய்து லாசரஸ் என்றேன், காரணத்தையும் சொன்னேன். "லீவுக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் எதுக்குடா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தச் சின்ன ஊரில் பழைய கதை இல்லாத கடற்கரையைத் தேடினால் ஒன்றுமே மிஞ்சாது. அதற்காகக் குளிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் மணலும் புதுசு, பெயரும் புதுசு. நாமும் சொல்லாமல் விட்டால் சொல்வதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? இதைத்தான் திக்கித் திணறிச் சொன்னேன். "சரி, வர்றோம். பயமுறுத்தாம சொல்லு" என்றார்.

மரினா சவுத் பியரில் படகேறி, செயின்ட் ஜான்ஸில் இறங்கி, பாலத்தைக் கடந்து லாசரஸுக்கு நடந்தோம். வெயில், வெள்ளை மணல், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம். பிள்ளைகள் தண்ணீரைவிட்டு வரவே இல்லை. மூன்று மணிக்குமேல் நான் படகு நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தியபோது சின்னவள் கேட்டாள், "போட்ட விட்டுட்டா இங்கேயே தங்கணுமா மாமா?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்காவே ஆரம்பித்துவிட்டார். "உங்க கொள்ளுத்தாத்தா இங்க பதினாலு நாள் தங்கினாரு, தெரியுமா?"

படகுத் துறை வரைக்கும் கதை போனது. நடுவில் ஓரிரு இடங்களில் அக்கா தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.