வாழைத்தோட்டமும் கறுவாத்தோட்டமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துருவம்)



கொழும்பு மாநகரில் 'தோட்டம்' என்று முடியும் இரண்டு இடப்பெயர்கள் தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஒன்று கறுவாத்தோட்டம், கொழும்பு 7. மற்றையது வாழைத்தோட்டம், கொழும்பு 12. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சில மைல்களுக்கு மேல் இராது. ஆயினும், "நான் கறுவாத்தோட்டத்தில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். "நான் வாழைத்தோட்டம்" என்று சொன்னால் அவர் முகம் மாறும். அடுத்த கேள்வியும் வேறு விதமாகவே வரும். சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது மதிப்பாகவும் மற்றோரிடத்தில் இழுக்காகவும் ஆனது எவ்வாறு? இன்றைய உரையில் இதனையே ஆராய விரும்புகிறேன்.

முதலில் மொழி பற்றி ஒரு வார்த்தை. 'சேரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சேர்' என்னும் அடியிலிருந்து பிறந்து, மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளில் வழங்கியது அது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கென ஆடல் மகளிர் நானூறு பேரைக் கொணர்ந்து குடியமர்த்தியபோது அவர்களின் இருப்பிடத்தைத் தளிச்சேரி என்றே கல்வெட்டுக் குறித்தது. பேரரசன் ஒருவன் தன் கோயிலின் அயலிலே அமைத்த குடியிருப்புக்கு அந்தப் பெயர் குறைவாகத் தோன்றவில்லை. பின்னாளிலே சாதியும் வறுமையும் ஏறிய சுமையினால் அச்சொல் தாழ்ந்தது.

இலங்கைத் தமிழில் சேரிக்கு நேர்ந்த கதி 'தோட்டம்' என்பதற்கும் நேர்ந்தது. மலையகத்தில் நாட்டுக்கே சோறு போட்ட மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏசியவர்கள் வேற்று மொழியினர் அல்லர். தமிழ் பேசும் நாமே. சி. வி. வேலுப்பிள்ளை 'தேயிலைத் தோட்டத்திலே' என்று பாடி அந்தச் சொல்லுக்கு மனித முகத்தை மீட்டுத் தந்தார். கொழும்புத் தோட்டங்களுக்கு அத்தகைய கவிஞர் ஒருவர் தமிழில் வாய்த்தாரா என்பதை நேயர்களே சிந்திக்க வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கறுவாத்தோட்டம் உண்மையிலேயே கறுவா விளைந்த பூமி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒல்லாந்தத் தேசாதிபதி பல்க் காலத்தில், காட்டுக் கறுவாவை மட்டும் நம்பியிராமல் மருதானைப் பக்கத்திலே அதனைப் பயிரிடத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் 1833ஆம் ஆண்டில் கறுவாவின் மீதான அரச ஏகபோகத்தை நீக்கியபின் அந்நிலம் மெல்ல மெல்லத் தனியார் கைக்கு மாறி, செல்வர்களின் மாளிகைகள் எழுந்த பகுதியாயிற்று.

அதற்கு முன்னர் அந்தச் செல்வர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும்தான். கடற்காற்றும் களனி கங்கையின் குளிர்ச்சியும் பொருந்திய அப்பகுதிகளிலே பெரிய வளவுகளும் அவற்றைச் சூழ்ந்து மரங்கள் நிறைந்த தோட்டங்களும் இருந்தன. 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைத்தடுப்பணைக்கு அடிக்கல் நாட்டினார்; 1885இல் அது நிறைவுற்றது. காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்புக்கு வந்தது. கப்பல்களோடு நிலக்கரி வந்தது, பண்டசாலைகள் வந்தன, மூட்டை சுமக்கவும் வண்டி இழுக்கவும் ஆட்கள் வந்தார்கள். நிலக்கரித் தூசியையும் சந்தடியையும் விரும்பாத செல்வர் தெற்கே நகர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற வளவுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. மாமரமும் பலாமரமும் நின்ற தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை அறைகள் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. மரம் போயிற்று, தோட்டம் என்ற பெயர் மட்டும் நின்றது. சிங்களத்தில் 'வத்த' என்பதும், ஆங்கில ஆவணங்களில் வரும் 'கார்டன்' என்பதும் இதே கதையைத்தான் சொல்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தோட்டம் வறியவர்கள் அத்துமீறிப் பிடித்த இடமாகத் தொடங்கவில்லை. நிலச் சொந்தக்காரர் கட்டினார், வாடகை வாங்கினார். ஒரு குழாயையும் ஓரிரு மலசலகூடங்களையும் பல குடும்பங்களுக்குப் பொதுவாக வைத்தார். அழுக்கு அங்கே வாழ்ந்தவர்களின் குணத்தினால் வந்ததன்று. வாடகைக் கணக்கினால் வந்தது. கால்வாய்க் கரைகளிலும் ரயில் பாதையோரங்களிலும் பலகையும் தகரமும் கொண்டு எழுந்த குடிசைகள் பெரும்பாலும் பின்னாளில் வந்தவை.

1914இல் கொழும்பில் முதன்முறையாகப் பிளேக் நோய் பரவியது. எலி, அரிசி மூட்டை, பண்டசாலை என்பன அந்நோயின் வழி. ஆனால் பழி விழுந்தது நெருங்கி வாழ்ந்த ஏழைகள் மீது. மறு ஆண்டு, 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் என்ற அறிஞர் கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரமாக்கும் திட்டத்தை வரைந்தார். நகரம் பூங்காவாக வேண்டும் என்று கனவு கண்ட அதே காலத்தில், தோட்டம் என்ற பெயரோடு கிடந்த இடங்கள் நோயின் உறைவிடமாக மட்டுமே நோக்கப்பட்டன.

ஆனால் அந்த இடங்களுக்குள்ளே வேறொன்றும் வளர்ந்தது. குழாயடியில் வரிசையில் நிற்கும் பெண்கள் ஒருவர் வீட்டுச் சுகதுக்கத்தை மற்றவர் அறிந்தார்கள். மாதச் சீட்டு, வங்கி ஏறெடுத்துப் பாராதவர்களின் வங்கியாயிற்று. மரண உதவிச் சங்கம், சாவு வீட்டுக்குக் கதிரையும் பந்தலும் பணமும் கொண்டு சென்றது. வெசாக் கூடும் ஆடிவேல் ஊர்வலமும் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளும் நோன்புக் கஞ்சியும் ஒரே முடுக்கினுள் பகிரப்பட்டன. மும்மொழிக் கல்வி பற்றி நாம் இன்று கருத்தரங்கு நடத்துகிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டிலேயே இரண்டு மொழிகளைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஒற்றுமை அரசியல் வலிமையாகவும் மாறியது. 1906இல் மாநகர சபையின் விதியை எதிர்த்து வண்டிக்காரர்கள் செய்த வேலைநிறுத்தமும், ஏ. ஈ. குணசிங்க தலைமையில் 1923இல் நடந்த பொது வேலைநிறுத்தமும், 1927இன் துறைமுக வேலைநிறுத்தமும் நகர்ப்புற ஏழைகளின் உறவுப் பின்னலை ஆதாரமாகக் கொண்டவை. கூலி நின்ற நாட்களில் அடுத்த வீட்டு அடுப்பு இல்லாமல் எந்த வேலைநிறுத்தமும் நீடிக்க முடியாது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது, தோழமைக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு என்பது தெரிந்தது.

அந்த எல்லைக்கோடு 1983இல் இரத்தத்தினால் வரையப்பட்டது. ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்செயல் நகரெங்கும் பரவியது. 'எல்லாம் தோட்டத்துக் காடையர் செய்த வேலை' என்ற விளக்கம் அன்று எளிதாகக் கிடைத்தது. தோட்டங்களிலிருந்து கொள்ளைக்கும் கொலைக்கும் போனவர்கள் இருந்தார்கள்; மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் வாக்காளர் இடாப்போடு வந்து தமிழர் வீடுகளை அடையாளம் காட்டியவர்களுக்கு அந்த இடாப்பைக் கொடுத்தது எந்தத் தோட்டம்? தோட்டங்களில் வாழ்ந்த ஏழைத் தமிழரும் அன்று அனைத்தையும் இழந்தனர். அதே முடுக்குகளில் அயலவரைத் தம் அறைக்குள் மறைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். பழியை ஓர் இடத்தின் மேல் ஏற்றுகிறபோது, திட்டமிட்டவன் தப்பிவிடுகிறான், காத்தவனும் மறக்கப்படுகிறான்.

அரசு இம்மக்களை நோக்கிய விதமும் காலத்துக்குக் காலம் மாறியது. 1973ஆம் ஆண்டின் வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் மேலதிக வீடுகளை அரசு பொறுப்பேற்க வழி செய்தது. வாடகை கொடுத்தவர்களுள் பலர் தாம் வாழ்ந்த அறைக்கு உரித்தாளரானார்கள். வாழைத்தோட்டத்திலே 1924இல் பிறந்த ரணசிங்க பிரேமதாச வீடமைப்பு அமைச்சரும் பிரதமருமானார். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பகுதி ஒரு புதிய கொள்கையைக் கொண்டிருந்தது. மக்களை இருந்த இடத்திலேயே இருக்க விட்டு, சிறு கடன் கொடுத்து, அவர்களையே கட்டச் செய்வது அது. தோட்டந்தோறும் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைந்தன. பாதை எங்கே போக வேண்டும், இரண்டு பேர்ச் காணியை எப்படிப் பிரிக்க வேண்டும், பொதுக் கிணறு எங்கே அமைய வேண்டும் என்பவற்றை அங்கே வாழ்பவர்களே கூடிப் பேசினார்கள். பிரேமதாசவின் அரசியல் பற்றி ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால் தோட்டத்து மனிதருக்கு யோசிக்கத் தெரியும் என்று ஏற்றுக்கொண்ட திட்டம் அது.

2001ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, கொழும்பு மாநகர எல்லைக்குள் இத்தகைய 1,614 குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்வதாகக் கூறியது. நகர மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர்! அரைவாசி நகரத்தை ஒரு நகரத்தின் களங்கம் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

அதே 2001இல் வனாத்தமுல்லையில் 'சஹஸ்புர' என்ற 14 மாடிக் கட்டடம் 671 வீடுகளுடன் எழுந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து, பல்லாயிரம் குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. உறுதிப் பத்திரம் வைத்திருந்தோரும் இடம்பெயர நேர்ந்தது. தனி மலசலகூடமும் வெள்ளம் ஏறாத தரையும் கிடைத்தமைக்கு மகிழ்ந்தவர்கள் உண்டு. அதனைக் குறைத்துப் பேச நாம் யார்? ஆனால் விடியற்காலையில் வாசலிலே ஆப்பமும் இடியப்பமும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய், பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? ஒரு முடுக்கின் அயலவர் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிந்து போனபின் சீட்டை யாரை நம்பிப் பிடிப்பது? சுவரைக் கணக்கிட்டவர்கள் உறவைக் கணக்கிடவில்லை.

இழிவுப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மைக்காலமே சான்று. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தின் குப்பை ஏழைகளின் வாசலில் மலையாகக் குவியும்வரை அங்கிருந்தவர்களின் முறைப்பாடு உரியவர் செவியில் ஏறவில்லை. 2020 ஏப்ரலில் வாழைத்தோட்டத்துப் பண்டாரநாயக்க மாவத்தையில் கொரோனாத் தொற்றுக் காணப்பட்டபோது நூற்றுக்கணக்கானோர் தனிமைப்படுத்தலுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தொற்றைத் தடுப்பது அவசியமே. ஆனால் 1914இல் கேட்ட அதே ஏச்சு, நூறாண்டுகளுக்குப் பின்னரும் மாறாமல் ஒலித்தது.

பாடசாலையில் இதனை நான் நாள்தோறும் காண்கிறேன். தோட்டத்து விலாசத்தில் வீதியின் இலக்கத்தை அடுத்து ஒரு சாய்கோடும் அதன்பின் இன்னோர் எண்ணும் வரும். அந்த இரண்டாம் எண்தான் வீடு முடுக்கினுள்ளே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மாணவர் சிலர் சாய்கோட்டையும் அந்த எண்ணையும் விட்டுவிட்டு எழுதுகிறார்கள். கடிதம் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை, வகுப்பில் யாரும் அறியக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகளின் கணக்கு. முதலாம் தர அனுமதிக்கு உறுதியும் மின்சாரப் பட்டியலும் கேட்கும் நாட்டில், அவை இல்லாத பெற்றோரின் பிள்ளை பள்ளிவாசலை மிதிக்குமுன்பே புள்ளிகளை இழந்துவிடுகிறது. அதையும் கடந்து வந்த பிள்ளையை, "நீ எந்தத் தோட்டம்?" என்று ஆசிரியரே கேட்பாராயின் அவன் யாரிடம் போவான்?

ஆகவே தமிழ் கற்பிக்கும் என் போன்றோருக்கு இங்கே ஒரு கடமை உண்டு என்று கருதுகிறேன். சட்டமும் திட்டமும் எங்கள் கையில் இல்லை. சொல் எங்கள் கையில் இருக்கிறது. தளிச்சேரியைப் படிப்பிக்கும்போது சேரியின் பொருளையும் படிப்பிப்போம். கொழும்பின் வரலாறு சொல்லும்போது கறுவாத்தோட்டத்து மாளிகைகளோடு, துறைமுகத்தைச் சுமந்த கொட்டாஞ்சேனைத் தோட்டங்களையும் சேர்த்தே சொல்வோம். தோட்டத்து மாணவன் தன் தோட்டத்தின் கதையைப் பாட்டனிடம் கேட்டு எழுதி வரட்டும். அதைக் கட்டுரையாக ஏற்று வகுப்பிலே வாசிப்போம். தன் விலாசத்தைச் சாய்கோடு உட்பட முழுவதுமாக எழுதுவதற்கு ஒரு பிள்ளை அஞ்சாத நாள் வருமானால், அன்று நாம் சிறிது தமிழ் கற்பித்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.