ஏறுவது மூச்சு, இறங்குவது தொடை

தென்னேரியில் மலை கிடையாது. இருப்பது ஏரி. திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். தொண்டைமான் இளந்திரையன் பெயரை அதில் கேட்கிறவர்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன். கரைமேல் ஏறி நின்றால் அதுதான் ஊருக்கு மேடு. அப்புறம் கண்ணுக்கு எட்டியவரை வயல், பனை, தூரத்தில் கம்பெனிக் கூரைகள்.

ஆனால் இந்தச் சமவெளிப் பிள்ளைகள்தான் இன்றைக்கு வேன் பிடித்துக்கொண்டு மலை ஏறப் போகிறார்கள். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தவர், பிள்ளை ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்ப்பவன். பௌர்ணமிக்குப் பருவதமலை, மாசி பங்குனியில் வெள்ளியங்கிரி. நடுவில் ஜிம். வாலாஜாபாத் பக்கம் இப்போது மளிகைக்கடைக்கு அடுத்தபடி ஜிம் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு பையன் சொன்னான்: "ஏறிட்டோம்ணா, ஒண்ணும் தெர்ல. எறங்கசொல்லதான் காலு டான்ஸ் ஆடிச்சு. ஜிம்முக்குப் போயி இன்னா பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. நான்கு சுவருக்குள் செய்கிற பயிற்சி மலையில் உதவுமா என்பதற்கு உடலியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. வரலாறும் ஒன்று வைத்திருக்கிறது. இரண்டாவது எனக்குக் கூடுதல் சுவாரஸ்யம், காரணம் அதன் ஒரு நுனி காஞ்சிபுரத்தில் இருக்கிறது.

காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டம். மல்லன் என்றால் மற்போர் செய்பவன். வாதாபியை வென்றதைச் சொல்லவும் அவனுக்குப் பட்டம் இருந்தது. ஆனாலும் கடற்கரை ஊருக்கு நிலைத்தது மல்லன் பெயர்தான். ஓர் அரசன் தன்னை மல்லன் என்று கூப்பிடச் சொல்கிறான் என்றால், அந்தச் சமூகத்தில் உடற்பயிற்சிக்கு ஒரு கௌரவம் இருந்திருக்க வேண்டும். அவன் எத்தனை தண்டால் எடுத்தான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. சொன்னதாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

நமக்குத் தெரிந்த பயிற்சிக்கூடம் பிற்காலத்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கோதா என்று அதன் சொற்களிலேயே வடக்கு வாடை உண்டு. பயில்வான்கள் போய்விட்டார்கள், கோதா மட்டும் அரசியல் செய்திகளில் தங்கிவிட்டது. தேர்தல் வந்தால் எல்லோரும் கோதாவில் இறங்குகிறார்கள்.

கர்லாக்கட்டை செய்த பயணம் வேறு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பார்த்துப் பழகி, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் டொனால்ட் வாக்கர் என்பவர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்தில் 'இந்தியக் கட்டை' இடம்பிடித்துவிட்டது. அடுத்த வருஷமே பெண்களுக்கென்று ஒரு புத்தகம் எழுதி, அதில் கட்டையை இளைக்க வைத்து 'இந்தியச் செங்கோல்' என்று பெயர் சூட்டினார். பயில்வான் கையிலிருந்த தடி சீமாட்டி கையில் செங்கோல் ஆயிற்று. 1904-லும் 1932-லும் அது ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்தவர். பதக்கத்தோடு வெளியே வந்து, சாலையில் கை காட்டி லிஃப்ட் கேட்டு வீட்டுக்குப் போனார். இந்த ஆளைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

பிறகு அந்தப் பக்கத்துச் சரக்கு இங்கே வந்தது. பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடெ என்ற இடத்தில் 1811-இல் ஃபிரீட்ரிக் யான் தொடங்கிய பயிற்சித் திடல்தான் நவீன ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஆரம்பப் புள்ளி என்பார்கள். கவனிக்க வேண்டியது, அது திறந்தவெளி. ஜிம் பிறந்ததே வானத்துக்குக் கீழேதான். மழைக்கும் குளிருக்கும் பயந்து பிற்பாடு உள்ளே போனது. சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நம் பள்ளிக்கூடங்களின் 'பி.டி. மாஸ்டர்' என்ற இனமே பெருமளவு அந்தக் கல்லூரியின் வழித்தோன்றல்தான். பக் 1924-இல் இந்திய அணியோடு பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார்.

அதே 1924-இல்தான் ஜார்ஜ் மாலரி எவரெஸ்டில் மறைந்தார். மாலரி மலைக்கு வந்த வழி ஜிம்தான். வின்செஸ்டர் பள்ளியில் அவர் முதலில் பேர் வாங்கியது ஜிம்னாஸ்டிக்ஸில். கம்பியில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்த பையனை கிரஹாம் இர்விங் என்ற ஆசிரியர் 1904-இல் ஆல்ப்ஸுக்குக் கூட்டிப்போனார். அவர் பாறையில் நகர்வதைப் பார்த்தவர்கள் அதில் இருந்த லாகவத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். உடம்பைத் தூக்குகிற பலமும், எடையை எங்கே வைப்பது என்ற அறிவும் பள்ளிக்கூடக் கம்பியில் பழகியவை.

ஆனால் எவரெஸ்டின் மூட்டையைத் தூக்கியவர்கள் வேறு. 1922 பயணத்தில் பனிச்சரிவில் இறந்தவர்கள் 7 பேர், எழுவரும் சுமைதூக்கிகள். 1924-இல் ஷாமொனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தப் பயணத்துக்கு மலையேற்றப் பதக்கங்கள் கொடுத்தபோது இறந்த எழுவர் பெயருக்கும் பதக்கம் உண்டு. அவர்கள் யாரும் கம்பியில் தொங்கிப் பழகியவர்கள் அல்ல. பிழைப்பே பயிற்சி. ஜிம் என்பது ஒருவகையில், உடம்பால் பிழைக்க வேண்டிய அவசியம் விட்டுப்போனவர்கள் அந்த உடம்பைத் திரும்பப் பெறச் செய்துகொண்ட ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கு டென்சிங் நார்கே ஒரு விதிவிலக்கு. சுமைதூக்கியாகத் தொடங்கியவர், 1953-க்கு முன் 6 முறை எவரெஸ்டுக்குப் போய் வந்தவர். அவருக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது? ஆனாலும் ஏழாவது முறைக்குக் கிளம்புமுன் டார்ஜிலிங்கில் விடியற்காலை எழுந்து, முதுகுப்பையில் கற்களை நிரப்பிக்கொண்டு குன்றுகளில் ஏறி இறங்கினார். பிழைப்புக்காக அடுத்தவர் மூட்டையைச் சுமந்தவர், முதல்முறையாகத் தனக்கென்று கல் சுமக்கிறார். கல் வெறும் கல்தான், யாருக்கும் கொண்டுசேர்க்க வேண்டியதில்லை. ஜிம்மில் இருக்கிற இரும்பும் அப்படித்தான். மறு ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கியபோது களப்பயிற்சிப் பொறுப்பு அவருக்கு வந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். தென்னேரிக்குப் பக்கத்து மலை என்றால் பழையசீவரம் குன்று. பத்மகிரி என்று பெயர். அடியில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்காகக் காஞ்சி வரதர் சுமார் 20 கிலோமீட்டர் வந்து, குன்றின்மேல் இருக்கும் மண்டபத்துக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். வரதர் எழுந்தருள்கிறார் என்று சொல்கிறோம். தோள் கொடுப்பவர்கள் ஸ்ரீபாதம் தாங்கிகள்.

படியில் பல்லக்கு ஏறும்போது நான் உற்சவரை விட்டுவிட்டு இவர்களுடைய முழங்காலைப் பார்ப்பேன். (பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.) ஏறும்போது பாரம் பின்னால் நிற்பவர்மேல் சாயும். பின்வரிசை தண்டைத் தோளிலிருந்து கைக்கு மாற்றி உயர்த்தும், முன்வரிசை தாழ்த்தும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். அடி குட்டையாக வைப்பார்கள், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். யாரும் ஒற்றையாகப் பலசாலி இல்லை. ஒருவன் அவசரப்பட்டால் பக்கத்துத் தோள் செத்தது. இதை எந்தக் கூடத்திலும் கற்றுக்கொடுப்பதில்லை. வருஷம் முழுக்க உற்சவம் இருப்பதால், பயிற்சியும் வருஷம் முழுக்க.

திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள் என்று சம்பளக் கணக்கோடு சொல்லும். மருந்துப் பட்டியலில் தைலங்களும் இருக்கின்றன. அது யார் முழங்காலுக்குப் போனது என்று தெரிய வழியில்லை. ஆற்றைக் கடந்து பாரம் சுமந்தவர்களுக்கும் ஒரு கரண்டி கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பையனின் 'டான்ஸ்' ஆடிய காலுக்கு விளக்கம் 1952-இல் கிடைத்தது. ஆபட், பிக்லாண்ட், ரிட்சி என்று மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகு வைத்து ஒரே சங்கிலியில் கோத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் கால் பின்னோக்கிச் சுழலும். அவர் வேலை அதைத் தடுப்பது மட்டும். ராயல் சொசைட்டியில் இதைக் காட்டியபோது மிதித்தவர் வாட்டசாட்டமான ஆண், தடுத்தவர் சிறிய உருவமுள்ள பெண். ஆணுக்கு மூச்சு வாங்கியது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. தசை சுருங்கி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே தாக்குப்பிடிப்பதற்குச் செலவாகும் ஆக்சிஜன் மிகக் குறைவு.

மலையில் இறங்குவது இந்த இரண்டாவது சைக்கிள். 60 கிலோ ஆள் 1000 மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 590 கிலோஜூல் வேலை. இறங்கும்போது அதே 590-ஐயும் கால்கள் அடிக்கு அடி பிரேக் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், முக்கியமாக முன்தொடை. மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தசைநாரின் மேலும் விழுகிற இழுவிசை அதிகம், நுண்ணிய சேதம் அதிகம். நடுக்கம் அன்றைக்கே வரும். வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை கம்பெனிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற பையன்களைப் பார்த்தால் சனிக்கிழமை எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

நல்ல சேதியும் இதிலேயே இருக்கிறது. ஒருமுறை இப்படிச் சேதப்பட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படுவதில்லை. ஆகவே பருவதமலைக்கு இரண்டு வாரம் முன்னால், கூடத்திலேயே, கொஞ்சமாக, இறங்கிப் பழகலாம். நான்கு எண்ணி மெதுவாக இறங்கும் பஸ்கி. முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து ஒற்றைக்காலில் மெல்லத் தரை தொடுவது. பழைய பயில்வான் நூற்றுக்கணக்கில் போட்ட பஸ்கியில் பாதி இந்த இறக்கம்தான். இன்றைய ஜிம்மில் பையன்கள் செய்வதோ நேர்மாறு: எடையை முக்கித் தூக்குவார்கள், இறக்கும்போது தொப்பென்று விடுவார்கள். அதிலும் பாதி நாள் மார்பு, புஜம். கண்ணாடியில் தெரிவது அதுதானே. கால் பயிற்சி நாளில் ஜிம் காலியாக இருக்கும்.

கண்ணாடிக்கான உடம்பு மலைக்கு உதவாது என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி பொறாமை. உதவுகிறபடி செய்யலாம் என்பதற்குச் சாட்சி பாறையேறிகள். அமெரிக்கரான ஜான் கில் 1950-களில் கல்லூரி ஜிம்னாஸ்ட். கம்பியில் பூசும் சுண்ணப்பொடியைப் பாறைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஜெர்மானியர் வுல்ஃப்காங் கியூலிஷ் 1988-இல் நியூரம்பர்க்கின் 'கேம்பஸ்' ஜிம்மில் மரச்சட்டங்களை ஏணிபோல் அடித்து, கால் படாமல் விரல்களால் மட்டும் தாவிப் பழகினார். 1991-இல் அவர் ஏறிய பாறைவழி அன்றைக்கு உலகிலேயே கடினமானது. அந்தப் பாறைக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார்த்தார், பிறகுதான் சட்டத்தை அடித்தார். வரிசை அது.

அந்த வரிசைப்படி பார்த்தால் பருவதமலை கேட்பது வேறு, வெள்ளியங்கிரி கேட்பது வேறு. பருவதமலையில் கடப்பாறைப் படி, ஏணிப்படி, தண்டவாளப் படி என்று கை வேலை உண்டு. பிடிப்பலம் வேண்டும், தன் எடையைத் தானே இழுக்கத் தெரிய வேண்டும். வெள்ளியங்கிரி ஏழு மலை. கை வேலை குறைவு, நேரம் நீளம். அது இதயத்தைக் கேட்கும். 2024 பருவத்தில் அங்கே அடுத்தடுத்துப் பலர் இறந்த செய்திகள் வந்தபோது, மலை ஏறுமுன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு கொஞ்சநாள் நடந்தது. இருதய நோயுள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். ஆனால் தனக்கு அந்த நோய் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து மணிநேரம் உட்கார்ந்து, இரவு ஷிஃப்டில் தூக்கம் கெட்டு, மூன்று மாதம் ஜிம்மில் புஜம் வளர்த்த முப்பத்தைந்து வயதுக்காரர் தன்னை ஆரோக்கியசாலி என்றே நம்புவார். புஜம் அவரை ஏமாற்றுகிறது. வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், ஒரு மணிநேரம் ஏரிக்கரையில் நடந்தாலே அவர் நெஞ்சு என்ன சொல்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துவிடும். அதற்குக் கட்டணமும் இல்லை.

தறிக்காரர்கள் கதை தனி. குழித்தறியில் கால் மிதியில் ஆடிக்கொண்டே இருக்கும், இடுப்பு அசையாது, முதுகு கூன் போடும். நாள் முழுக்க உழைப்பு. ஆனால் மலைக்கு வேண்டிய உழைப்பு அதில் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்ட நெசவாளர்கள் கரிமலை இறக்கத்தில் பட்ட பாட்டைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 41 நாள் விரதத்தில் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்ததுதான் அவர்களுக்குப் பயிற்சி. அது இல்லாவிட்டால் இன்னும் மோசம் என்பார்கள்.

2023 மே 23-இல் எவரெஸ்ட் உச்சி தொட்ட முத்தமிழ்ச்செல்வி, தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். ஜப்பானிய மொழி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பனியே இல்லாத ஊர்க்காரர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் பெயர் செய்தியில் அடிபட்டது நம் பக்கத்தில்தான். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய மலைப்பட்டுக் குன்றில், கண்ணைக் கட்டிக்கொண்டு, 155 அடி கயிற்றில் இறங்கினார். ஏறியதற்கு அல்ல, இறங்கியதற்கு.