ஏறாத தடமும் பாடமே: அண்ணாமலையில் மலையேறுவோர்க்கான சூழல் கல்வி

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலையில் அண்ணாமலையின் சரிவொன்று பெயர்ந்து வ.உ.சி. நகரின் வீடுகள்மீது விழுந்தது. இறந்த ஏழு பேரில் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று மலையுச்சியில் கார்த்திகைத் தீபம். முந்தைய ஆண்டுகளில் 2,500 பேர் வரை அனுமதிச் சீட்டுடன் ஏறிவந்த மலையில், புவியியல் வல்லுநர்களின் ஆய்வுக்குப்பின் அவ்வாண்டு பொதுமக்களுக்கு அனுமதியில்லை. கொப்பரையோடும் நெய்யோடும் தீபப் பணிக்குரியோர் மட்டும் சென்றனர்.

சரிவுக்குக் காரணம் மழை. மலையேறியவர்கள்மேல் அப்பழியைச் சுமத்துவது அநியாயம். ஆயினும் அந்தத் தடை ஒரு வெற்றிடத்தைக் காட்டியது. ஏன் ஏறக்கூடாது என்று ஓர் இளைஞர் கேட்டால் இரண்டே விடைகள் கிடைக்கின்றன: பாறை உருளும், இது சாமி மலை. இரண்டும் உண்மை. ஆனால் காலடியில் இருப்பது என்ன என்பதை இரண்டுமே அவருக்குச் சொல்வதில்லை. தடை தேவையானது, கல்வியின் வேலையை அது செய்யாது. அக்கல்விக்கு வேண்டிய பாதி இவ்வூரின் வழக்கிலேயே இருக்கிறது, மறுபாதியை மண்ணறிவிலிருந்து சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மண். அண்ணாமலையின் மேற்சரிவுகளில் மண் மெல்லிய போர்வைதான். பாறை இடுக்குகளில் சேர்ந்த ஒரு கைப்பிடி மண்ணைப் புல்வேர்கள் பிடித்து நிறுத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத பாறைப்பாசிகள் பல உண்டு. வழுக்குகிறது என்று ஒருவர் அவற்றைச் சுரண்டினால், அழிவது ஒரு தலைமுறையின் வளர்ச்சி. குறுக்குவழியில் பத்துப்பேர் இறங்கினால் புல் சாய்கிறது, நூறுபேர் இறங்கினால் வேர் அறுகிறது, அடுத்த மழையில் அத்தடமே நீரோடையாகி மண்ணை அடித்துச் செல்கிறது. கோடையில் கதை வேறு. சரிவுகளின் எலுமிச்சைப்புல்லில் எண்ணெய் உண்டு. காய்ந்துவிட்டால் ஒரு கர்ப்பூரத் துண்டோ அணையாத பீடியோ போதும். பற்றும் தீ முதலில் இளங்கன்றுகளைத்தான் தின்னும். 1980களின் பிற்பகுதியிலிருந்து இம்மலையை மீண்டும் காடாக்க உழைப்பவர்கள் இதைப் பட்டறிந்தவர்கள். 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையினர் மண்ணுக்குரிய மரங்களை நடுவதோடு, கோடைதோறும் தீத்தடுப்புக் கோடுகளும் வெட்டுகிறார்கள்.

இனி வழக்கு. இங்கே மலைக்குச் செய்யும் முதல் மரியாதை அதைச் சுற்றிவருவது. 14 கிலோமீட்டர் கிரிவலம், வெறுங்காலுடன். நிறைமாத அரசி நடப்பதுபோல மெல்ல நடக்கவேண்டும் என்று ரமண மகரிஷி சொன்னதாக அவருடைய ஆசிரம மரபு கூறும். 1899 முதல் 1922 வரை விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும், அதாவது மலையின்மேலேயே, வாழ்ந்தவர் அவர். ஆகவே இதை ஏறத் தெரியாதவரின் அறிவுரையாகக் கொள்ள முடியாது. உச்சிக்குச் செல்லும் உரிமை இன்னார்க்கு, இன்ன நாளில், இன்ன காரியத்துக்கு என்று மரபு வரையறுத்திருக்கிறது. கொப்பரை சுமந்து தீபமேற்றும் பருவதராஜ குலத்தார் அவ்வரையறைக்குள் ஏறுபவர்கள். எந்தக் கல் ஆடும், எங்கே கால் வைக்கலாம் என்பது சுமையோடு ஏறுபவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

பக்தியே போதும் என்று இதனால் நான் சொல்லவில்லை. நெகிழிப் புட்டியை வீசுபவரும் பல வேளைகளில் பக்தர்தான். கர்ப்பூரம் ஏற்றுபவர் மலையை எரிக்க நினைத்து ஏற்றுவதில்லை. பக்திக்கு மண்ணைப் பற்றிய செய்தி எட்டவில்லை என்பதே குறை.

பற்றோடு அறிவைச் சேர்க்கும் வழியைப் பாறையேற்ற உலகமும் தட்டுத்தடுமாறித்தான் கண்டது. அமெரிக்காவின் யோசெமிட்டி பாறைகளில் எஃகு ஆணிகளை அறைந்தும் பிடுங்கியும் ஏறியதில் விரிசல்கள் சிதைந்தன. அந்த ஆணிகளை விற்று வாழ்ந்த இவான் சுவினார்டே 1972இல் தம் விற்பனைப் பட்டியலில் அவற்றைக் கைவிடச் சொல்லி, கையாலேயே பொருத்தி எடுக்கக்கூடிய கருவிகளை முன்வைத்தார். ஏறுபவர் வாயிலிருந்து வந்ததால் ஏறுபவர்கள் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் உளூருப் பாறையில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதே நின்றது. அமெரிக்காவின் டெவில்ஸ் டவரிலோ 1995 முதல், பழங்குடியினரின் சடங்குகள் நிகழும் ஜூன் மாதத்தில் ஏறவேண்டாம் என்ற வேண்டுகோள் மட்டுமே உள்ளது; பெரும்பாலோர் அதை மதிக்கின்றனர். நமக்கு அருகில் கர்நாடகத்தின் ராமநகரத்தில், பாறையேறிகள் பழகும் குன்றுகளிடையே, ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக 2012இல் அறிவிக்கப்பட்டது. கூடு எங்கே, எந்த மாதம் என்று அறியாத ஏறுபவர் அங்கே எவ்வளவு நல்லவராயினும் பயனில்லை.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபின் தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை வழிகாட்டிகளோடு திறந்தது. அந்த வழிகாட்டிப் பயிற்சியில் திருவண்ணாமலையின் பாடம் சேரவேண்டும் என்பது என் கருத்து. வகுப்பறையில் விதிகளை ஒப்பிக்கவைப்பது வீண். பயிற்சி பெறுவோர் முதல் நாள் முழுக்க ஏறாமல் மலையைச் சுற்றட்டும். சரிந்த இடத்தை, எரிந்த புல்லை, நட்ட கன்றைக் கீழிருந்தே பார்க்கட்டும். மறுநாள் அனுமதிக்கப்பட்ட தடத்தில் மட்டும், கொப்பரை சுமந்த ஒருவரின் பின்னால். கொம்பன் ஆந்தை முட்டையிடும் பாறை விளிம்பை எந்த மாதங்களில் விட்டு விலகவேண்டும் என்று காட்டுபவர் வனக்காவலராக இருக்கட்டும். கைக்குப் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூள் பாறையின் பாசிக்கும் பெரணிக்கும் கேடு என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

ஆசிரியராக நிற்கவேண்டியவர் அந்தக் கொப்பரைச் சுமையாளர். அவருக்கு ஊதியமும், பயிற்சிச் சான்றில் அவர் கையொப்பமும் வேண்டும். தோளில் சுமை ஏற்றிய மூத்தவர்கள் நம்மிடையே நடமாடும்போதே இப்பாடத்தை அவர்களோடு உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும்.