சித்திரமும் நடிகரும் ஒரே திரையில்: கார்ட்டூன் கலந்த குடும்பப் படங்களும் பார்வையாளர் கருத்தும்

கார்ட்டூன் உருவங்களும் மனித நடிகர்களும் ஒரே காட்சியில் சேர்ந்து தோன்றும் திரைப்படங்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு வரும் பார்வையாளர்களுக்காக எடுக்கப்படுபவை. உலக அளவில் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பக்ஸ் பன்னி என்னும் கார்ட்டூன் முயலுடன் சேர்ந்து விளையாடும் 'ஸ்பேஸ் ஜாம்' (1996). அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் 'ராஜா சின்ன ரோஜா' (1989) வெளிவந்தது. இவ்வகைப் படங்களைப் பார்வையாளர் எவ்வாறு ஏற்றனர் என்பதையும், கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் அக்கருத்து எவ்வாறு உருவாகிப் பரவியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்க கால முயற்சிகள்

நடிகரையும் சித்திரத்தையும் இணைக்கும் எண்ணம் ஊமைப்பட காலத்திலேயே தோன்றிவிட்டது. 1918 முதல் மேக்ஸ் பிளெய்ஷர் உருவாக்கிய குறும்படங்களில், மைப்புட்டியிலிருந்து ஒரு கோமாளி எழுந்து வந்து ஓவியரோடு வம்பு செய்வான். 1923-இல் வால்ட் டிஸ்னி உண்மையான சிறுமி ஒருத்தியைக் கார்ட்டூன் உலகுக்குள் அனுப்பி 'ஆலிஸ்' வரிசைப் படங்களைத் தொடங்கினார். 1945-இல் நடிகர் ஜீன் கெல்லி, ஜெர்ரி என்னும் எலியுடன் நடனமாடினார். 1964-இல் 'மேரி பாப்பின்ஸ்' வந்தது. 1988-இல் வெளியான 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' இக்கலையின் உச்சமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் அசைவூட்டக் கலை பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தில் 1950-களில் வேரூன்றியது. அங்கே பயிற்சி பெற்ற ராம் மோகன் பின்னர் இத்துறையின் முன்னோடியாக மதிக்கப்பட்டார். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில் அவத் நாட்டின் அரசியல் வரலாறு அசைவூட்டப் பகுதியாகக் காட்டப்பட்டது. ஆயினும் அதில் சித்திரம் தனிப் பகுதியாகவே நின்றது. நடிகரின் தோளோடு தோள் உரசி நிற்கவில்லை.

ராஜா சின்ன ரோஜா

ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ்.பி. முத்துராமன் இயக்கி, ரஜினிகாந்த், கௌதமி, ரகுவரன் ஆகியோர் நடித்த 'ராஜா சின்ன ரோஜா' 1989 ஜூலை மாதம் வெளியானது. இசை சந்திரபோஸ். 'முரட்டுக் காளை' (1980), 'மனிதன்' (1987) முதலிய படங்களைத் தந்த அதே கூட்டணி இம்முறை குழந்தைகளை மையமாக வைத்தது. செல்வர் வீட்டில் தறிகெட்டு வளரும் பிள்ளைகளை அன்பால் திருத்தும் இளைஞனின் கதை இது. நாயகனும் குழந்தைகளும் காட்டில் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் பாடல் படத்தின் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. மனித நடிகர்களையும் அசைவூட்ட உருவங்களையும் ஒருங்கே காட்டிய முதல் இந்தியப் படம் என்று இது குறிப்பிடப்படுகிறது.

படம் முழுவதும் கார்ட்டூன் இல்லை, ஒரு பாடலில் மட்டுமே உண்டு. சண்டை, நகைச்சுவை, தாய்க்குலத்தைக் கவரும் உணர்ச்சிக் காட்சிகள் என்று வழக்கமான கூறுகள் அனைத்தும் இருந்தன. ஆகவே புதுமை பிடிக்காதவரும் ஏமாறாமல் திரும்ப வாய்ப்பிருந்தது.

உருவாக்கும் முறை

அன்றைய திரைப்படச் சுருள் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் ஓடியது. ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டங்கள். இரண்டு சட்டங்களுக்கு ஓர் ஓவியம் என்று வரைந்தாலும் ஒரு விலங்குக்கு மட்டும் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் தேவை. கணினி உதவியில்லாத காலத்தில் இவை கையால் வரையப்பட்டு, ஒளிபுகும் தாள்களில் வண்ணம் தீட்டப்பட்டு, நடிகர்கள் உள்ள படச்சுருளோடு இணைக்கப்பட்டன. நடிகர் வெற்றிடத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவருடைய பார்வை ஓர் அடி தவறினாலும் முயல் ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்கும். ஜோர்டானும் இதே சிக்கலை எதிர்கொண்டார். பச்சை நிற அரங்கில், பச்சை உடை அணிந்தவர்களுக்கு நடுவே அவர் பந்தாடிய காட்சிகளில் பின்னர் கார்ட்டூன் உருவங்கள் சேர்க்கப்பட்டன.

கடலூர், சிதம்பரம்: பார்வையாளர் சூழல்

1989-இல் கடலூரும் சிதம்பரமும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 1993-இல்தான் அமைந்தது. திரைப்பட வணிகத்தில் இவ்வூர்கள் வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு ஆகியவற்றை இணைத்த 'என்.எஸ்.சி.' விநியோகப் பகுதியைச் சேர்ந்தவை. கடலூர் துறைமுக நகரம், மாவட்ட அலுவலகங்களின் ஊர். சிதம்பரம் நடராசர் கோயிலுக்கும், 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் பெயர்பெற்றது. சுற்றியுள்ள சிற்றூர் மக்களுக்குத் திருவிழா, சந்தை, சினிமா எல்லாமே இந்நகரங்களில்தான்.

அக்காலத்தில் பார்வையாளர் கருத்தை அறியப் பல வழிகள் இருந்தன. ஆனந்த விகடன் படங்களுக்கு மதிப்பெண் அளித்தது. பிற இதழ்களும் விமர்சனம் எழுதின. ஆனால் சிறுநகரங்களில் ஒரு படத்தின் தலைவிதியைப் பெரும்பாலும் வாய்ப்பேச்சே தீர்மானித்தது. முதல் காட்சி முடிந்து வெளியே வருபவரிடம் வரிசையில் நிற்பவர் "படம் எப்படி?" என்று கேட்பார். அந்தப் பதில் தேநீர்க் கடைக்கும் பேருந்துக்கும் போய், மறுநாள் கிராமத்தை எட்டிவிடும். திரையரங்க உரிமையாளர் 'டி.சி.ஆர்.' எனப்படும் அன்றாட வசூல் கணக்கைப் பார்ப்பார். மாலைக் காட்சிக்குப் பெண்களும் குழந்தைகளும் வருகிறார்களா என்பதே அவருக்கு முதன்மையான அளவுகோல்.

இப்பகுதி மக்களுக்கு இரண்டு உலகங்கள் கலப்பது புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒரு நொடி அரசனோடு பேசுவான், மறுநொடி பார்வையாளரைக் கேலி செய்வான். அந்த மரபில் வளர்ந்த கண்களுக்கு, நடிகரும் சித்திரமும் பேசிக்கொள்வதை ஏற்பது கடினமாக இருந்திருக்காது.

ஸ்பேஸ் ஜாம்: விமர்சகரும் பார்வையாளரும்

ஜோ பிட்கா இயக்கிய 'ஸ்பேஸ் ஜாம்' உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்களின் கருத்து பிரிந்தது. ரோஜர் ஈபர்ட் பாராட்டினார். பக்ஸ் பன்னியின் புகழ்பெற்ற இயக்குநர்களுள் ஒருவரான சக் ஜோன்ஸோ, அந்த முயலுக்குப் பிறர் உதவியே தேவைப்படாது என்று குறைகூறினார். ஆனால் முதல் நாள் பார்வையாளரிடம் கருத்துக் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் படம் உயர்ந்த மதிப்பே பெற்றது. லெப்ரான் ஜேம்ஸ் நடித்த தொடர்ச்சி 2021-இல் வந்தபோதும் இதே முரண் காணப்பட்டது.

இரு நாட்டுப் படங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். மக்களை அரங்குக்கு அழைத்தது தொழில்நுட்பம் மட்டுமன்று. ஏற்கெனவே நேசித்த ஒரு முகமும்தான். அமெரிக்கச் சிறுவனுக்கு ஜோர்டான் எப்படியோ, தமிழ்ச் சிறுவனுக்கு ரஜினிகாந்த் அப்படி. கூடைப்பந்து தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி மைதானங்களின் விளையாட்டாக இருந்ததே தவிர, கிரிக்கெட்டைப் போல வீட்டுக்கு வீடு பேசப்படவில்லை.

பின்னாளைய மாற்றங்கள்

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2007-இல் சுட்டி டிவி தமிழிலேயே கார்ட்டூன்களை நாள் முழுதும் வழங்கியது. திரையரங்கில் மட்டும் கிடைத்த வியப்பு வீட்டுக்குள் அன்றாடப் பொருளானது. 2014-இல் நடிப்புப் பதிவாக்க முறையில் உருவான 'கோச்சடையான்' வந்தபோது, அசைவூட்டத்தின் தரம் குறித்துக் குறைகள் எழுந்தன. சிலர் அதைப் 'பொம்மைப் படம்' என்றனர். 1989-இல் நடிகரின் முகம் அப்படியே இருந்தது, சித்திரம் விருந்தாளியாக வந்தது. 2014-இல் நடிகரே சித்திரமாகிவிட்டார். பார்வையாளர் இந்த வேறுபாட்டை உணர்ந்தே தீர்ப்பளித்தனர்.

பதிவின் தேவை

பெருநகரப் பார்வையாளரின் கருத்து இதழ்களில் அச்சாகி நிலைத்தது. சிறுநகரப் பார்வையாளரின் கருத்து பேச்சாகவே இருந்ததால் எளிதில் மறையக்கூடியது. பழைய ஒற்றைத்திரை அரங்குகள் பல ஊர்களில் மூடப்பட்டு, திருமண மண்டபங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவருகின்றன. அவற்றோடு வசூல் ஏடுகளும் சுவரொட்டிகளும் அழிகின்றன. 1989-இல் பத்து வயதில் அந்தக் கார்ட்டூன் பாடலைப் பார்த்தவர்கள் இன்று நாற்பதைக் கடந்த பெற்றோர். படச்சுருளை ஓட்டிய இயக்குநர்களும் நுழைவுச்சீட்டு கொடுத்தவர்களும் முதியவர்கள். அவர்களது நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்பது, திரைப்பட வரலாற்றைப் படம் எடுத்தவர் பக்கம் மட்டுமன்றிப் பார்த்தவர் பக்கமிருந்தும் அறிய உதவும். கடலூர், சிதம்பரம் பகுதி மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.