செங்கல்பட்டு உடல்கள்: ஒரு தோல்வியின் வரலாறு

காஞ்சிபுரம் என்றால் உலகத்துக்குப் பட்டு. அதே மண்ணுக்கு இன்னொரு பெயரும் உண்டு. காசநோய் பற்றிய மருத்துவ நூல்களில் அது ‘சிங்கில்பட்’ ஆய்வு. காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான் அது. புடவைக்குப் பின்னால் இருக்கிற கைகளைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசியிருக்கிறோம். இந்த இரண்டாவது பெயருக்குப் பின்னால் இருக்கிற கைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி சுதந்திரத்தை ஒட்டி, 1948 வாக்கில், இந்தியாவுக்கு வந்தது. வீடு, சோறு, காற்று இவற்றைக் கொடுக்க நிறையச் செலவாகும்; ஊசிக்குச் சில காசுகள் போதும். குலக்கல்வித் தகராறில் 1954இல் பதவியை விட்ட ராஜாஜி, மறுவருஷமே இந்த ஊசியை எதிர்த்துப் பிரசுரம் போட்டார். அதற்காக அவரைத் தீர்க்கதரிசி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். ஊசி நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அது இந்த மண்ணில் பலிக்குமா என்கிற பெரிய அளவிலான சோதனை மட்டும் இருபது வருஷம் பின்தங்கி வந்தது. அதற்குள் பிரிட்டனில் ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றார்கள்.

இந்த முரணைத் தீர்க்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உலக சுகாதார நிறுவனமும் கூட நின்றது. ஏறத்தாழ 3,66,000 பேர் பெயர் பதிவானது. சுமார் 2,81,000 பேருக்கு ஊசி ஏறியது. சிலருக்கு முழு அளவு, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கினருக்கு வெறும் போலி மருந்து. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கிட்டவருக்கும் தெரியாது. 1971 வரை ஊசி போட்டார்கள். அப்புறம் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கிப் போனார்கள்.

‘கண்டறிதல்’ என்கிற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். மருத்துவப் பார்வை நோயாளியைத் தாண்டி நோயைப் பார்க்கிறது என்று ஃபூக்கோ சொன்னதை நம்மில் பலர் மேற்கோள் காட்டியாச்சு. செங்கல்பட்டில் நடந்தது அதற்கும் மேலே. இங்கே பார்க்கப்பட்டது நோயாளியே அல்ல, ஒரு ஜனத்தொகை. முன்கையில் டியூபர்குலின் போட்டு, சில நாள் கழித்து அந்தத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்தார்கள். இந்த டியூபர்குலின் 1890இல் ராபர்ட் கோக் ‘மருந்து’ என்று அறிவித்துத் தோற்றுப்போன சரக்கு. மருந்தாகச் செத்து, அளவுகோலாகப் பிழைத்துக்கொண்டது.

அளவுகோல் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. காசநோய்க் கிருமிக்கு மட்டுமல்ல, அதன் சொந்தக்காரக் கிருமிகளுக்கும் இவர்கள் உடம்பு ஏற்கெனவே பழகியிருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற, பெரும்பாலும் நோய் செய்யாத மைக்கோபாக்டீரியங்கள் அவை. ஏரிகளின் மாவட்டம் இது. சேற்றில் கால் வைக்காமல் இங்கே யார் வளர்ந்தது?

1979இல் முதல் அறிக்கை வந்தது. ஏழரை வருஷக் கண்காணிப்பில் ஊசி போட்டவர்களுக்கும் போலி மருந்து போட்டவர்களுக்கும், கிருமி வெளியேறும் நுரையீரல் காசநோயில் வித்தியாசம் இல்லை. மறுவருஷம் லண்டனின் ‘லான்செட்’ இதழ் இதை இந்தியாவிலிருந்து வந்த கெட்ட செய்தி என்று தலைப்பிட்டது. பதினைந்து வருஷக் கணக்கு 1999இல் வெளியானபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஏன் தோற்றது? மண்ணின் கிருமிகள் முன்கூட்டியே கொடுத்த பழக்கம் ஊசியின் வேலையை மறைத்துவிட்டது என்பது இன்றுவரை வலுவாகச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அப்படியானால் உடம்பு வெற்றுப் பலகை இல்லை. ஊர் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

ஊசியே மோசடி என்று இதை வாசித்துவிடக் கூடாது. சிசுக்களின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கிறது, பிறந்த குழந்தைக்கு அது போடப்படுவது அதனால்தான். தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்ட விஞ்ஞானிகளின் நேர்மையும் சின்ன விஷயம் இல்லை.

என் கேள்வி வேறு. அறிக்கை ஆங்கிலத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. கையை நீட்டியவர்களின் மொழி அது இல்லை. மனிதர்கள்மீதான ஆராய்ச்சிக்கு அறநெறிகளை ஆராய்ச்சிக் கழகம் எழுத்தில் வகுத்ததோ 1980இல், முடிவு வெளிவந்த பிறகு. ‘கெட்ட செய்தி’ ஜெனிவாவுக்கும் லண்டனுக்கும் போனது. யாருடைய உடம்பிலிருந்து அது எழுதப்பட்டதோ, அவர்கள் அதில் எண்களாக மட்டும் இருந்தார்கள்.

மாவட்டம் 1997இல் உடைந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் வந்தது. இன்று சளியில் இருக்கிற கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிற இயந்திரம் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கால் இறக்கி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர் இருமினால் அந்த இயந்திரம் கிருமியைச் சரியாகவே காட்டும். காற்றில்லாத அறையையும், கூலி முன்பணத்தில் அடகாகிப்போன சாப்பாட்டையும் காட்டாது. ஊசி மட்டும் போதும் என்று நினைத்ததுதான் செங்கல்பட்டில் தோற்றது. கருவி மட்டும் போதும் என்று நினைத்தால் அதே தோல்வியை இன்னும் வேகமாக அடைவோம். அந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் உடம்பு சொன்னதைத் தமிழில் அவர்களிடமே திருப்பிச் சொல்வது அதில் முதல் தவணை.