சேரிக்குத் தமிழ், கோட்டைக்கு ஆங்கிலம்: நம் ஏடுகள் சொல்லும் பாடம்

தோழர்களே, தலித் பத்திரிகை வரலாறு என்றால் எந்த ஏடு எந்த ஆண்டு வந்தது என்று பட்டியல் போடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த ஏடுகளை நடத்தியவர்கள் யாரிடம், எந்த மொழியில் பேசினார்கள் என்று கேட்பதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்று களத்தில் நிற்கும் நமக்கு அந்தக் கேள்விதான் அவசரமானது.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டு அணா. இழிவாக வீசப்பட்ட சொல்லையே தலைநிமிர்ந்து பெயராக வைத்தார். முதல் இதழின் 400 பிரதிகளும் இரண்டே நாளில் விற்றன என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போகும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்த நிலைப்பாட்டை இன்று எப்படி மதிப்பிட்டாலும், வேலைமுறையைக் கவனியுங்கள். மக்களிடம் தமிழில் பேசியவர், அவர்களுடைய குரலை அதிகாரம் இருந்த இடத்துக்கும் கொண்டுபோனார்.

அம்பேத்கரும் இதையே செய்தார். 1919-ல் சவுத்பரோ குழுவின் முன் ஆங்கிலத்தில் சாட்சியம் அளித்தார். மறு ஆண்டு ஜனவரியில் 'மூக்நாயக்' இதழை மராத்தியில் தொடங்கினார். இந்த இரண்டில் எதுவும் மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

நம் கதையைப் பிறர் மட்டுமே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1921 சாட்சி. பெரம்பூர் பின்னி ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை. புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. கடன், பட்டினி, சங்கத்துக்குள்ளேயே இருந்த தீண்டாமை என்று காரணங்கள் பேசப்பட வேண்டியிருந்தன. ஆனால் தொழிற்சங்க வரலாறுகள் பலவற்றில் அவர்களுக்குக் கிடைத்தது 'கருங்காலி' என்ற ஒற்றைச் சொல்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மீனவர் சமூகத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் மே நாள் கூட்டங்களை நடத்தினார். கட்சி தொடங்கியதோடு நிற்காமல் இரண்டு ஏடுகளையும் கொண்டுவந்தார். தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்'. ஒன்று ஆலைத் தொழிலாளியிடம் பேசியது. மற்றொன்று தமிழ் தெரியாத தோழர்களையும் அரசையும் எட்டியது. 1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அரசு எதைக் கண்டு அஞ்சியது என்பதற்கு அதுவே போதும்.

இப்போது எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஓடியவர்கள் தமிழில் அலறினார்கள். ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலும், 2006 அறிவிக்கையின்படி சுருக்கம் மட்டும்தான் உள்ளூர் மொழியில் கட்டாயம். எந்த ஆலை எவ்வளவு கழிவை எங்கே விடும் என்ற விவரமெல்லாம் முழு அறிக்கைக்குள் இருக்கிறது. கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண் அதை எப்படிப் படிப்பார்?

2020-ல் ஒன்றிய அரசு புதிய வரைவு அறிவிக்கையை வெளியிட்டபோது, அதை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அதுவும் வழக்குப் போட்ட பிறகுதான் கிடைத்தது. மொழி உரிமையைத் தானாக யாரும் தரப்போவதில்லை.

மாணவர்களாகிய உங்களிடம் இரண்டு மொழிகளும் இருக்கின்றன. உங்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அந்த ஆங்கிலத்தை வேலை தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் அறிக்கையின் பத்துப் பக்கத்தையாவது தமிழாக்கிக் குப்பத்தில் சத்தமாகப் படியுங்கள். அங்கே மக்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதித் தீர்ப்பாயத்துக்கும் செய்தியாளர்களுக்கும் அனுப்புங்கள். ஒரு தாள் போதும், முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம். சீனிவாசனும் நான்கு பக்கத்தில்தான் தொடங்கினார்.

ஜெய்பீம்.